தொப்பி கழற்றாத நீதிபதி

ஒலாயா பல்தாசரின் வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயா, கம்பளி வியாபாரியைக் கொன்னுட்டாருன்னு இன்னைக்கு மத்தியானம் என் புருஷனைத் தூக்குல போடறாங்க. மறுபடி விசாரிக்கறேன்னு புது நீதிபதி வாக்குக் குடுத்தாரு. இப்போ ராஜா அவரை நியமிச்ச கடிதமே காணோமாம். அது இல்லாம அவர் வாயைத் திறக்க முடியாதாம்."

பல்தாசர் பெனால்வா ஊர் நீதிமன்றத்தில் இருபது வருடம் பத்திரம் எழுதியவர். ஊரே பதறினாலும் அவர் பதறமாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. காலையில் ஊர்ச் சபையில் கடிதப் பெட்டியைத் திறந்தபோது அவரும் அங்கே இருந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"மூணே பேருதான் ஐயா பெட்டியைத் தொட்டது," என்றான் சேவகன் ஹினேஸ். துப்பு என்றால் சோறு தண்ணீர் மறந்து அவர் பின்னால் வருபவன். "மாட்ரிட்லேர்ந்து கொண்டுவந்த தூதன். ராத்திரி வீட்டுல வச்சிருந்த தற்காலிக நீதிபதி எர்நான். காலையில சபைக்குத் தூக்கிட்டு வந்த எழுத்தர். தூதனை ரெண்டு தட்டுத் தட்டட்டுமா?"

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. எல்லாரையும் சபைக்குக் கூப்பிடு."

பதினோரு மணிக்குக் கூடினார்கள். ஒலாயாவும் வந்து ஓரமாக நின்றாள். புது நீதிபதி மேசையருகே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கடைசியாக வந்த எர்நான் வாசலில் தன் வேலைக்காரன் காதில் ஏதோ சொல்லி அனுப்பினார். "எல்லாருக்கும் ஒயின் கொண்டுவரச் சொல்லியிருக்கேன். பேச்சு நீளும்போல இருக்கே," என்று சிரித்தார்.

தூக்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பல்தாசர் நிதானமாகவே ஆரம்பித்தார்.

"ராஜா கடிதம் வந்தா நாம எழுந்து தொப்பியைக் கழட்டுவோம். காலையில பெட்டி உள்ள வந்தப்போ தூதன் கழட்டினான். எழுத்தர் தன் வழுக்கையைக்கூட மறைக்காம நின்னாரு."

"இதுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்? புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் எர்நான்.

பல்தாசர் முதலிலிருந்து மறுபடி விளக்கினார். எர்நான் மேலும் இரண்டு சந்தேகம் கேட்டார். இப்படிக் கவனமாகக் கேட்கும் ஆள் பல்தாசருக்கு வாய்த்ததே இல்லை. அவருக்கு அது பிடித்திருந்தது.

"நீங்க மட்டும் கழட்டல, எர்நான் ஐயா. மரியாதை குறைஞ்சா ஊருக்கே அபராதம் போடற ஆளு நீங்க. ஏன் கழட்டல? அது காலிப் பெட்டின்னு உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். கம்பளி வியாபாரி செத்த அன்னைக்கு அந்த வீட்டுலேர்ந்து உங்க மருமகன் ஓடினதைப் பார்த்தது இவ புருஷன். அவன் வாயை அடைக்கணும் உங்களுக்கு."

எர்நான் மறுக்கவில்லை. அங்கிக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். புது நீதிபதி அதை முத்தமிட்டுத் தலைமேல் வைத்து, நின்றபடியே தூக்கை நிறுத்தும் உத்தரவை எழுதினார். ஹினேஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

"இன்னும் மணி அடிக்கலம்மா. நேரம் இருக்கு," என்றார் பல்தாசர்.

ஒலாயா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்தாசரும் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒயின் வரவே இல்லை.

"உங்க வேலைக்காரனை எங்க அனுப்பினீங்க?" பல்தாசர் பதறி எழுந்தார்.

எர்நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "தூக்குப் போடறவன்கிட்ட, மத்தியானம் வரைக்கும் காத்திருக்க வேணாம்னு சொல்லி அனுப்பினேன். நீங்க முதல் தடவை விளக்கினப்பவே முடிஞ்சிருக்கும்."

ஹினேஸ் திரும்பி வந்தான். உத்தரவு கையிலேயே இருந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒலாயா அழவில்லை. "அவர் தொப்பியைக் கழட்டாததைக் காலையிலேயே பார்த்தீங்களா ஐயா?"

"பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

வெளியே நண்பகல் மணி அடிக்கத் தொடங்கியது.