கம்பி பிடுங்கிய ரவுட்டர்

அந்த ரவுட்டர் அனுப்பிய தகவல் பாக்கெட்டின் நீளம் பதினோராயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு பைட்டு என்றது அவள் எழுதிய நிரல். வந்திருந்ததோ துளியூண்டு. கடுகுக்குள் கடலா?

அதைவிட எரிச்சல், ரவுட்டரின் மின்கம்பி பிடுங்கப்பட்டு அலமாரியில் சுருண்டு கிடந்தது. அவளுடைய அக்கா பராமரித்த பெட்டி.

"வேற எவனோ அந்தப் பெட்டியோட முகவரிய வெச்சிருக்கான்மா. கண்டுபிடிச்சு கழட்டிப் போடு" என்று மேலாளர் அவளை அந்தச் சன்னலில்லாத அறைக்குள் அனுப்பியிருந்தார். போன மாதம் இதே அறையில்தான், புகை மணி அடித்ததும் அவர் கதவைப் பூட்டித் தீயணைப்பு வாயுவைத் திறந்துவிட்டார். அக்கா உள்ளே இருந்தாள்; மூச்சடைத்துச் செத்தாள். மூன்று முறை கூப்பிட்டேன், பதிலில்லை என்று விசாரணையில் வாய் கூசாமல் சொன்னார். அதைப் பொய்யென்று நிரூபிக்கத்தான் அவள் அக்காவின் வேலையிலேயே வந்து சேர்ந்தாள்.

ரவுட்டர்களின் பழக்கம் எளிது. பத்து நொடிக்கொரு முறை ஒவ்வொன்றும் 'ஹலோ' சொல்லும். யாருடைய ஹலோ தன் காதில் விழுந்ததோ, அவர்கள் முகவரியைத் தலைக்கு நான்கு பைட்டாகத் தன் ஹலோவின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். யாரும் கூப்பிடாவிட்டால் பட்டியல் காலி.

விசிறிகளின் இரைச்சலுக்கும் கருகிய கம்பியின் போகாத வாடைக்கும் நடுவே, அலமாரிக்குப் பின்னாலிருந்து யாரோ மூச்சை இழுத்து இழுத்து நிறுத்துவதுபோல் ஒரு கிறீச்சொலி வந்துகொண்டேயிருக்க, அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்தியது. மேசையில் ஓங்கிக் குத்தினாள்.

"அந்தாளு நெஜமாவே உன்னக் கூப்பிட்டானா? சொல்லுக்கா."

கிறீச்சொலி நின்றது.

அடுத்த பாக்கெட். நீளம் மாறியிருந்தது. பன்னிரண்டாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டு.

அப்போதுதான் உறைத்தது. கணினி வலையில் எண்ணின் பெரிய பைட்டு முன்னால் வரும். அவள் கணினி சிறியதை முன்னால் வைத்துப் படிக்கும். பதினான்கை நாற்பத்தொன்று என்று படிப்பதைப் போல. நீளத்தைச் சொல்லும் இரண்டு பைட்டையும் இடம் மாற்றினாள்.

அக்கா செத்த நாள் முதல் கணினியில் சேமித்திருந்த பாக்கெட்டுகள் எல்லாம் நாற்பத்து நான்கு. காலிப் பட்டியலின் அளவு. அந்தாளு கூப்பிடவேயில்லை. பாவி.

இப்போது வந்தது நாற்பத்தெட்டு.

கூடுதலாக நான்கு பைட்டு: ஒரே ஒரு முகவரி. அவள் கணினியுடையது. அதற்குக் கேட்க மட்டும்தான் தெரியும். அனுப்பும் வழியை அவள் எழுதவேயில்லை.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சுருண்ட கம்பி அப்படியே கிடந்தது.

நிரல் இப்போது சரியாகப் படித்தது: நீளம் நாற்பத்தெட்டு. காதில் விழுந்தது ஒரு குரல். அவளுடையது.