அம்மையார் விடாத மூச்சு

நாங்கள் அந்த அரங்கத்தில் போய் இறங்கியது நல்ல மதிய வெயிலில். எங்கள் குழுவினர் பின்னால் வேனில் வந்துகொண்டிருந்தார்கள். நானும் தம்பியும் முன்னதாகப் போய்ச் சன்னல்களைத் திறந்து, மின்விசிறிகளைப் போட்டு, நாற்காலிகளை ஒழுங்கு பண்ணிவிடலாம் என்று நினைத்தோம். போனால் வாசற்கதவு திறந்திருந்தது. உள்ளே எங்களோடு இணைகிற இன்னொரு சேர்ந்திசைக் குழுவினர் எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எங்களை வரவேற்க என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் இடம் எது என்று காட்டுவதற்காக நின்றார்கள்.

எங்கள் இடம் கழிப்பறைப் பக்கத்துச் சுவரோரம். வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. சன்னல்களைத் திறக்கப் போனேன். திறந்தால் தூசி வரும், குரல் கெடும், அம்மையார் காலத்திலிருந்து மூடித்தான் இருக்கும் என்றார்கள். பழைய மர வார்னிஷ் நாற்றமும் யூகலிப்டஸ் தைல நெடியும் அந்த அரங்கத்தில் மூக்கை அடைத்தன. தைலம் அந்தக் குழுவை நடத்திய அம்மையார் பூசிக்கொள்வது. அவர் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நான் பாடகி இல்லை. எங்கள் சேர்ந்திசைக் குழுவின் நிர்வாகி. மண்டபம் பிடிப்பது, வண்டி பிடிப்பது, சண்டை விலக்குவது என் வேலை. குழுவை முன்னால் நின்று கையசைத்து நடத்துபவன் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். பாட்டைத் தவிர அவனுக்கு வேறு பிழைப்பு தெரியாது. பேங்க் செலானைக்கூட நான்தான் பூர்த்தி பண்ணிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஊரில் இரண்டு சேர்ந்திசைக் குழுக்கள் இருந்தன. ஒன்றைக் கேட்கவே ஆள் வராத காலத்தில் இரண்டு. நன்கொடை கொடுப்பவர்கள் கூடிப் பேசி, இரண்டும் ஒன்றானால் உண்டு, இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஒன்றாவது என்றால் முன்னால் நிற்பது யார் என்பதுதான் கேள்வி. அந்தக் குழுவை உண்டாக்கி, ஆயுசு முழுக்க ஆட்டிப்படைத்த அம்மையார், இணைப்புப் பேச்சு என்று வந்தவர்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்தும் போனார். அதற்குப் பிறகுதான் இணைப்பு முடிவாகி, சேர்ந்த ஒத்திகையைத் தம்பி நடத்திப் பார்ப்பதென்று ஆனது.

அவர் இறந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் குழுவில் திருட்டு மூச்சு என்று ஒன்று உண்டு. நீளமான ஒரு சுரத்தை எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் பாடுகிற தைரியத்தில் ஒருவர் சத்தமில்லாமல் மூச்சை எடுத்துக்கொள்வார். அப்புறம் இன்னொருவர். கேட்பவர்களுக்குச் சுரம் அறுபடாது. அம்மையாருக்கு இது கட்டோடு பிடிக்காது. அவர் ஆட்கள் அவர் எடுக்கும்போது எடுப்பார்கள், அவர் விடும்போது விடுவார்கள். அவர் கையே அசைக்க மாட்டார். தரையில், வரிசைக்கு எதிரே நின்று மூச்சை இழுப்பார். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டே பாடுவார்கள். மூச்சு விடுவதற்குக்கூட உங்களிடம் உத்தரவு வாங்க வேண்டுமா என்று ஒருமுறை அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். என் குழுவில் வேண்டும் என்றார்.

அன்று ஒத்திகையில் ஒரு பாட்டைத் தொடங்க மூச்சை இழுத்தவர், விடவே இல்லை. நின்றபடியே நின்றாராம். அவர் விடாமல் தாங்கள் விடக்கூடாதென்று மொத்தக் குழுவும் பிடித்துக்கொண்டு நின்றதாம். முன்வரிசைப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்த பிறகுதான் யாருக்கோ சந்தேகம் வந்ததாம். இதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. பொய் சொல்லவில்லை, வாய்விட்டே சிரித்தேன்.

அம்மையாருக்கு வலது கையாக இருந்தவருக்குக் கட்டைக்குரல் என்று பெயர். பாடுவதும் பேசுவதும் ஒரே ஆழத்தில் இருக்கும். தம்பி அவரைப் பார்த்துக் கும்பிட்டான். அவர் பதிலுக்குத் தலையைக்கூட அசைக்கவில்லை. எங்கள் ஆட்களும் வந்து வரிசையில் நின்றதும் தம்பி மேடைமேல் ஏறி, முதல் பாட்டைச் சொல்லி, கையைத் தூக்கினான்.

கை கீழே வருவதற்குள் பாதி அரங்கம் பாட ஆரம்பித்துவிட்டது.

தம்பி நிறுத்தினான். பொறுமையாக மறுபடி தொடங்கினான். மறுபடியும் அவர்கள் முந்தினார்கள். கண்கள் மூடியே இருந்தன. என் கையைக் கொஞ்சம் பாருங்கள் என்று தம்பி கேட்டுக்கொண்டபோது கட்டைக்குரல் சொன்னார், "நாங்க யார் கையையும் பாத்துப் பாடினதில்ல."

"அப்ப எப்படி எல்லாரும் ஒண்ணா தொடங்குறீங்க?"

"மூச்சு கேக்குதே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆள்தான் மூச்சை இழுத்துச் சைகை காட்டுகிறார், தம்பியை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறார் என்று தீர்மானித்தேன். நேராகப் போய் அவர் பக்கத்தில், அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி கையைத் தூக்கினான். கட்டைக்குரலின் உதடுகள் ஒட்டியிருந்தன. மூக்கும் அசையவில்லை.

மூச்சு கேட்டது.

எங்களுக்கு எதிரே, தரையில், யாரும் நிற்காத இடத்திலிருந்து. நீளமாக, ஈரமாக, முடிவில் தொண்டையில் எதுவோ மாட்டிக்கொண்டது போல ஒரு சின்னக் கொக்கியோடு. தைல நெடி குப்பென்று என் முகத்தில் அடித்தது. என்னைச் சுற்றி இருந்த நெஞ்சுகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன.

பழைய கட்டடம், குழாயில் காற்று ஓடியிருக்கும் என்று தம்பியிடம் சொன்னேன். 

அந்த வாரம் முழுக்கச் சண்டைதான். எங்கள் ஆட்கள் வைத்த தண்ணீர்க் கேனை அவர்கள் வெளியே எடுத்து வைத்தார்கள். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்த எங்கள் கிழவர் ஒருவரைக் கையைப் பிடித்து எழுப்பினார்கள். இதெல்லாம் எனக்குப் பெரிதல்ல, வாய்க்கு வாய் கொடுத்துவிடுவேன். என்னைப் பயமுறுத்தியது வேறு. எங்கள் ஆட்களும் கண்ணை மூட ஆரம்பித்தார்கள். முதலில் பின்வரிசை. அப்புறம் நடுவரிசை. திருட்டு மூச்சில் எங்கள் குழுவிலேயே கைதேர்ந்தவள் சிட்டு. எவ்வளவு நீண்ட சுரத்தையும் அறுபடாமல் இழுப்பாள். அவள் இடைவேளையில் என்னைத் தனியாக மாடிப்படிக்கடியில் கூட்டிப்போனாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"முடியலக்கா. நடுவுல எடுக்கப் பாக்குறேன், உள்ள வரவே மாட்டேங்குது. அவங்க எடுக்கும்போதுதான் எனக்கும் வருது."

"அவங்கன்னா யாருடி?"

சிட்டு அரங்கத்துக் கதவைப் பார்த்துக்கொண்டே, சத்தமில்லாமல் அழுதாள். அன்றே குழுவை விட்டுப் போனாள். புத்திசாலி.

வெள்ளிக்கிழமை, நன்கொடையாளர்கள் அமைத்த நிர்வாகக் குழுவின் தலைவர் ஒத்திகையைக் கேட்க வருவதாக இருந்தது. நல்ல மனிதர், ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுபவர். குழு உன் தம்பி சொல்லுக்குக் கட்டுப்படுகிறதா என்று பார்ப்பேன், இல்லையென்றால் கட்டைக்குரலிடம் ஒப்படைத்துவிடுவேன் என்று என்னிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அதற்கு முதல் நாள் வீட்டில் தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. திடீரென்று நிமிர்ந்தான்.

"அவங்க மூச்சுக்குத்தானே அடங்குறாங்க? அந்த மூச்சை நான் எடுத்துக்கறேன்."

நான் வேண்டாம் என்று சொன்னேன். விட்டுத்தொலை, வேறு ஊருக்குப் போகலாம், நான் சம்பாதிக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். அவனுக்கு எங்கிருந்து அவ்வளவு பிடிவாதம் வந்ததோ. அம்மையாரின் பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டு, பாட்டை எல்லாம் தள்ளிவிட்டு, பாட்டுக்கு முன்னால் வருகிற அந்த மூச்சை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். அவனும் இழுத்துப் பார்த்தான். கொக்கி மட்டும் அவனுக்கு வரவில்லை. வராதவரை நல்லது என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தலைவர் வந்து முன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். தம்பி மேடையில் ஏறவில்லை. தரையில் இறங்கி, வரிசைக்கு எதிரே, அந்த இடத்துக்கு நடந்தான். கட்டைக்குரல் தடுப்பார் என்று நினைத்தேன். அவர் வரிசையை விட்டு வந்து, தம்பிக்கு வழிவிட்டு, முதல்முறையாக மரியாதையாகக் குனிந்தார். அவர் தம்பி காதருகே சொன்னது எனக்கும் கேட்டது.

"எடுக்கறது சுலபம் தம்பி. விடறதுக்குத்தான் அவங்க மனசு வைக்கணும்."

தம்பி கண்ணை மூடினான். மூச்சை இழுத்தான்.

நீளமாக. ஈரமாக.

முடிவில் கொக்கி இருந்தது.

அப்படி ஒரு பாட்டை என் ஆயுளில் கேட்டதில்லை. இரண்டு குழு என்று சொல்லவே முடியாது. ஒரே தொண்டை. தலைவர் காலை இறக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கும் புல்லரித்தது, ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் தம்பியின் முதுகைக் கவனித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவன் மூச்சை இழுத்தான். தோள்கள் மேலே போயின. அடுத்த அடிக்கு இன்னும் கொஞ்சம் மேலே போயின.

கீழே வரவில்லை.

நான் எழுந்தேன். சட்டை முதுகில் இறுகியது. கழுத்து நரம்புகள் புடைத்தன. அவன் ஒருமுறைகூட விடவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தான். எதிரே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, முகம் மலர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் அவனைத் திருப்பினேன். முகம் கறுத்திருந்தது. கண்கள் என்னைத்தான் பார்த்தன. அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்வதற்கு மூச்சு வெளியே வர வேண்டுமே. வரவில்லை.

"விடுடா," என்றேன். "விட்டுடுடா கண்ணா."

அவன் தலையை ஆட்டினான். என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்து, கெஞ்சுவது போல ஆட்டினான்.

பாட்டு முடிந்தது. அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் எல்லோரும் ஒன்றாக மூச்சை விட்டார்கள். அந்தக் காற்று என் கன்னத்தில் பட்டுத் தைல மணத்தோடு போயிற்று. தம்பி என்மேல் சாய்ந்தான். பின்னால் தலைவர் கைதட்டிக்கொண்டிருந்தார். என்ன ஒரு கட்டுப்பாடு, இவர்தான் சரியான ஆள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். பதற்றம், ஓய்வு போதும் என்றார்கள். பதவி தம்பிக்கென்று ஆனது. அந்த உத்தரவைக் கிழித்துப்போட்டுவிட்டு, இருந்ததை மூட்டை கட்டிக்கொண்டு, அவனைக் கூட்டிக்கொண்டு தூரத்து ஊர் ஒன்றுக்கு வந்துவிட்டேன். கடற்கரைப் பக்கம் வீடு. சன்னல்கள் எல்லாம் எந்நேரமும் திறந்தே இருக்கும். ஒரு கடையில் கணக்கெழுதப் போகிறேன். தம்பி நன்றாகச் சாப்பிட்டான், பேசினான், பழைய கிண்டல்கூடத் திரும்பி வந்தது. பாட்டைப் பற்றி மட்டும் அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என் தம்பி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று நம்பினேன்.

நேற்று மதியம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கைக்குழந்தை வழக்கம்போல வீல்வீலென்று அழுதுகொண்டிருந்தது. அதன் அம்மா சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தாள். தெருவில் யாரோ இரண்டு பேர் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் தம்பி சன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

அவன் மூச்சை இழுத்தான்.

என் நெஞ்சு தானாக உயர்ந்தது. நான் பாடகி இல்லை, ஒரு வரிகூடச் சுருதியோடு பாடத் தெரியாதவள். விடப் பார்த்தேன், முடியவில்லை. கத்தி கையில் அப்படியே நின்றது. தெருவில் விலை பேசிய குரல்கள் பாதிச் சொல்லில் நின்றன. எதிர்வீட்டுத் தாயின் குரலும் நின்றது.

கூடத்தை எட்டிப் பார்த்தேன். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண்கள் மூடியிருந்தன, கன்னங்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவனும் விடுவதற்குக் காத்துக்கொண்டிருந்தான்.

எதிர்வீட்டில் குழந்தையின் அழுகை நின்றிருந்தது.