இல்லாத பள்ளத்தில் குதித்த வேன்

வாண்டுவின் அப்பா நெடுஞ்சாலையில் தார் போடும் குழுவுக்கு மேஸ்திரி. புதுச் சாலை முடிந்ததும், "நாளைக்குக் கண்டிப்பா கடலுக்குப் போறோம்" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இதற்கு முன் கொடுத்த வாக்குகளெல்லாம் வேலை வந்து காற்றில் பறந்திருந்தன. அதனால் வாண்டு இந்த முறை முதல் நாளே நீச்சல் உடையைப் போட்டு, அதன்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள்.

ஒரே ஒரு தடங்கல் அத்தை. புதுச் சாலை வழவழப்பாக இருக்கிறதா என்று அளப்பதுதான் அவர் வேலை. அவருடைய வேனில் ஒரு கருவி உண்டு. வேன் எவ்வளவு குலுங்குகிறதோ, அவ்வளவுக்குத் திரையில் கோடு எகிறும். கோடு அளவு மீறினால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டுத் திரும்பத் தார் போட வேண்டும். தம்பி போட்ட சாலையாயிற்றே என்று விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அத்தை.

வேன் ஓடியது. கோடு சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது. பாலத்தருகே மட்டும் எகிறியது. திரும்ப ஓட்டினார்கள். அதே இடத்தில் அதே குதி.

அப்பா நீளமான இரும்புச் சட்டத்தைச் சாலைமேல் வைத்து, குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணால் அடியில் பார்த்தார். ஒரு காகிதம்கூட நுழைய இடமில்லை.

"இங்க ஒண்ணுமே இல்லக்கா."

"கருவி பொய் சொல்லாதுடா. நாளைக்கே சுரண்டிடு."

வாண்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை பார்க்கலாம், நானும் வருகிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடிப் பின் இருக்கையில் ஏறினாள்.

பாலம் நெருங்கியது. பருத்த உடம்புக்காரரான ஓட்டுநர் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கையை விட்டு எழும்பினார். பக்கத்தில் அத்தையும் கைப்பிடியைப் பற்றி எழும்பினார். பாலம் தாண்டியதும் இருவரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். வேன் குலுங்கியது, கோடு எகிறியது.

வாண்டுவுக்குப் புரிந்துவிட்டது. பழைய சாலையில் அங்கே ஒரு பெரிய பள்ளம் இருந்தது. பள்ளம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

சொல்லிக் காட்டினால் மாமாவின் முகம் வாடிவிடும். எழும்பாதீர்கள் என்றாலோ, அவருக்குப் பள்ளத்தின் நினைப்பே வரும். வாண்டு யோசித்தாள். வேன் திரும்பவும் கிளம்பியதும், ஆரம்பித்தால் முடியாது என்று எல்லோரும் கேட்கப் பயப்படுகிற ஒன்றைக் கேட்டாள்.

"மாமா, உங்களுக்குப் பல்லு பிடுங்கின கதையச் சொல்லுங்களேன்."

மாமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கதையை விளக்கமாக ஆரம்பித்தார். அது மேல்பல்லா கீழ்ப்பல்லா என்று அத்தை குறுக்கே புகுந்தார். இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. பாலம் வந்தது, போயிற்று. கோடு அசையவில்லை.

"ஆமா, பாலம் ஏன் இன்னும் வரல?" என்றார் மாமா.

"அது எப்பவோ போயிடுச்சு, மாமா."

அத்தை திரையைப் பார்த்தார். பிறகு தன் இருக்கையைக் குனிந்து பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாலை நல்லாத்தான் இருக்குடா" என்று அப்பாவிடம் சொன்னவர், வாண்டுவின் காதோடு, "இத வெளிய சொல்லிடாதடி" என்றார்.

வாண்டு சொல்லவே இல்லை. மறுநாள் காலை அவள் கடலுக்குள் முழங்காலளவு நின்று, கரையில் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தயங்கிய அப்பாவின் மேல் இரண்டு கைகளாலும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தாள்.