சுவரைப் பார்த்த கற்கள்

பழைய வீட்டின் நடைக்கூடத்தில் ஒட்டிக் கிடந்த ரப்பர் விரிப்பை உரித்து, அடியில் காய்ந்து இறுகியிருந்த பசையைச் சுரண்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றி முட்டி வலிக்க வலிக்கத் தேய்த்த பிறகுதான் தரை தன் முகத்தைக் காட்டியது. நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ. தெருக்கதவிலிருந்து பின்கதவு வரை பூப்பூவாக ஓடிய அந்தத் தரையில் ஒரே ஒரு பூ மட்டும் கலைந்திருந்தது. அதில் இரண்டு கற்களை யாரோ திசை மாற்றித் திருப்பிப் பதித்திருந்தார்கள். அந்த இரண்டு கற்களிலும் கல்லுக்கு ஒன்றாக, கால் பட்டுத் தேய்ந்த மாதிரி ஒரு குழி இருந்தது.

தேய்த்தவளைத் தெருவில் தரைக்காரி என்பார்கள். பழைய தரைகளைத் துலக்கிப் புதிதாக்குவதுதான் அவளுக்கும் அவள் தம்பிக்கும் பிழைப்பு. எந்த வீட்டில் எந்த இடம் தேயும் என்று அவளுக்கு மனப்பாடம். சமையலறை வாசலில் தேயும், மாடிப்படியின் காலடியில் தேயும், கண்ணாடி மாட்டிய சுவருக்கு எதிரே தேயும். இங்கே கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை, ஒரு ஆணியடித்த தடம்கூட இல்லை. குழிகள் சுவர்ப்பக்கம் ஆழமாகவும் இந்தப் பக்கம் லேசாகவும் இருந்தன. யாரோ மூக்கு இடிக்கிற நெருக்கத்தில் சுவரைப் பார்த்தபடி, வருஷக்கணக்காக அங்கே நின்றிருக்க வேண்டும்.

"வெறும் சுவத்துக்கிட்ட ஒரு ஆளுக்கு அப்படி என்னடா வேலை?" என்றாள்.

"பொண்டாட்டி நிக்க வெச்சிருப்பாக்கா. எங்க வீட்லயும் எனக்குன்னு ஒரு மூலை இருக்கு" என்றான் தம்பி.

சிரித்துக்கொண்டே கல்லின் ஓரத்தில் உளியை வைத்து நெம்பினாள். மற்ற கற்களுக்கு அடியில் பழைய சுண்ணாம்புச் சாந்து. இந்த இரண்டுக்கு அடியில் மட்டும் சாம்பல் நிற சிமெண்ட். பிற்பாடு யாரோ பேர்த்தெடுத்துத் திருப்பிப் பதித்திருக்கிறார்கள். "கண்ண மூடிக்கிட்டுப் பதிச்சிருக்கான் புண்ணியவான்" என்றான் தம்பி. அவளும் அப்படித்தான் நினைத்தாள். சேராத பூவைப் பார்த்தால் அவளுக்குப் பல்லில் நார் சிக்கிய மாதிரி இருக்கும், எடுக்காமல் நிம்மதி வராது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் தேய்ந்த கல்லைப் பெயர்த்துவிட்டு, அலமாரி மறைக்கும் மூலையிலிருந்து நல்ல கல்லை எடுத்து அங்கே போடுவார்கள். கழித்த கல்லைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வராது. இப்படி வீடு வீடாகச் சேர்த்த கற்களில்தான் அவள் வீட்டுத் தரையே ஆகியிருந்தது. "நம்ம வீட்ல நாலடி நடந்தா ஊரையே சுத்தின மாதிரி" என்பான் பஸ் ஓட்டும் அவள் புருஷன். மகள் அறைக்கு முன்னால் மட்டும் நான்கு கல் அளவுக்குப் பள்ளம் மிச்சமிருந்தது. தேய்ந்த இரண்டையும், அதே தரையில் முனை உடைந்திருந்த இன்னும் இரண்டையும் கொண்டுவந்து அங்கே பதித்தாள். உடைந்த முனைகளைச் சுவரோரம் ஒளித்து, தேய்ந்த கற்களை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, பூ சரியாகக் கூடியதும் கொத்துக்கரண்டிக் காம்பால் தட்டி உட்காரவைத்தாள். குழி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவள் யோசிக்கவே இல்லை. பூ சேர்ந்துவிட்டது, அது போதும் அவளுக்கு.

மறுநாளே மகளுக்குக் காய்ச்சல் வந்தது. கோயில் கோயிலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, இனி இல்லை என்று கைவிட்ட பிறகு பிறந்த ஒற்றைப் பிள்ளை. அது ஒரு வேளை சாப்பிடாவிட்டால் இவளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. டாக்டர் சாதாரணக் காய்ச்சல்தான் என்றார். புருஷன் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் வேலைக்குக் கிளம்பினான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயுமுன்பே வீட்டுக்குள் இருட்டு இறங்கியது.

நடைக்கூடத்து விளக்கைப் போட்டு, தரையைத் துடைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டாள். ஒவ்வொரு வீட்டுக் கல்லாக உலர்ந்து வெளுத்தது. அந்த இரண்டு குழிகள் மட்டும் காயவில்லை. துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் வந்தாள், மறுபடியும் ஈரம். பூட்டிய பெட்டிக்குள் நாள்கணக்கில் மறந்துபோன ஈரத்துணியின் வாடை அந்த இடத்திலிருந்து மெல்ல எழுந்து, நடைக்கூடம் முழுக்கப் பரவி, அவள் சேலைத் தலைப்பில் வந்து ஒட்டிக்கொண்டது. மழைக்காலத்தில் எந்தத் தரையிலும் ஓதம் ஏறத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெந்நீர் வைக்கப் போனாள்.

தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. அதன் முனகலுக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. நின்று நின்று கால் மரத்துப்போனவர் எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றினால் அடியில் மணல் நெரியுமே, அந்தச் சத்தம். ஒரு முறை கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை.

"அம்மா, வாசல்ல நிக்காதம்மா. வெளிச்சத்த மறைக்குது" என்றாள் மகள் தன் அறையிலிருந்து.

"நான் இங்கதானேடி இருக்கேன்."

அடுப்பை அணைக்காமலே நடைக்கூடத்துக்கு வந்தாள். யாரும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் மகளின் வாசல்வரை போய், வாசலின் நடுவில் மட்டும் நின்றுவிட்டது. உள்ளே, தரையில், ஒரு ஆள் அகலத்துக்கு இருட்டு நீண்டு கிடந்தது. அதன் தலை கட்டிலின் காலைத் தொட்டது.

அப்போதுதான் குழிகளை உற்றுப் பார்த்தாள். தேங்கிய ஈரத்தில் குதிகால் தெரிந்தது, உள்ளங்காலின் வளைவு தெரிந்தது, ஐந்து ஐந்தாக விரல்கள் தெரிந்தன. பத்தும் மகளின் அறையைப் பார்த்திருந்தன. அந்த வீட்டில் கல் பதித்தவன் கண்ணை மூடிக்கொண்டு பதிக்கவில்லை, அது சுவரையே பார்த்து நிற்கட்டும் என்று தெரிந்தேதான் பூவைக் கலைத்திருக்கிறான். தன் கையாலேயே, தட்டித் தட்டி, அதைப் பிள்ளையின் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள்.

உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும். போக வேண்டுமென்றால் அந்தக் குழிகளைத் தாண்ட வேண்டும். அங்கே காற்று குளிர்ந்திருந்தது. கையை நீட்டினாள். முன்கை மயிர் சிலிர்த்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

கல்லைத் திருப்பிவிட்டால் போதும். சுவர்ப்பக்கம். முன்பு இருந்த மாதிரியே. அதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. சாக்கிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்து மண்டியிட்டாள். முதல் அடி விரலில் விழுந்தது. சிமெண்ட் இன்னும் முழுசாக இறுகியிருக்கவில்லை. ஓரம் பிளந்தது. நெம்பினாள். இடப்பக்கத்துக் கல் முழுசாகக் கையோடு வந்தது.

மணல் நெரிந்தது.

இந்த முறை சத்தம் அவள் முன்னால் வரவில்லை. அறைக்கு உள்ளே கேட்டது. ஒரு அடி தள்ளி.

கையிலிருந்த கல்லைப் பார்த்தாள். ஈரம் இல்லை. நன்றாகக் காய்ந்திருந்தது. புரிந்தது. கல்லில் அது நிற்கவில்லை. கல்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு காலை அவிழ்த்துவிட்டாள்.

"வேண்டாம்" என்றாள், யாரிடம் என்று தெரியாமலே. "பிள்ளைய விட்டுடு. என்னப் பாரு. இங்க பாரு."

கல்லை அவசரமாகப் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். சுவர்ப்பக்கம் திருப்பி அழுத்தினாள். பக்கத்துக் கல்லில் விரிசல் விழுந்தது. அவள் தொடவில்லை. நடுவே ஒரு கோடு ஓடி, இரண்டாகப் பிளந்தது. குழியில் ஈரம் இல்லை.

தாண்டினாள். விழுந்தாள். எழுந்து கட்டிலில் ஏறிப் பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது. வாசலில் இப்போது முழு வெளிச்சம். அறை முழுக்க வெளிச்சம். எதுவும் இல்லை. யாரும் இல்லை.

"அம்மா, பக்கத்துல நிக்கிறது யாரு?"

"யாரும் இல்லடி. கண்ண மூடிக்கோ."

கட்டிலோரத்துத் தரையைப் பார்த்தாள். நீலப் பூக்கள். நல்ல கல், ஒரு கீறல்கூட இல்லாதது, மகளுக்குப் பிடித்த நிறம் என்று அவளே பொறுக்கிக் கொண்டுவந்தது. கட்டிலை ஒட்டிய இரண்டு கற்களில் நீலம் வெளிறிக்கொண்டிருந்தது. முதலில் இதழின் நுனி. பிறகு இதழ். பிறகு காம்பு. நிறம் போய், அடியில் இருந்த சாம்பல் தெரிந்து, அந்தச் சாம்பலும் மெல்ல உள்வாங்கியது. வருஷக்கணக்கில் தேய வேண்டிய கல், அவள் கண்ணெதிரே, விரல் விரலாகத் தேய்ந்துகொண்டிருந்தது.