உருகாத செதில்கள்

மெழுகுவர்த்திப் பட்டறை வீட்டு மருமகள் துப்பறிவாளரைத் தேடி வந்தபோது அழுது முகம் வீங்கியிருந்தது. செருப்பில் மெழுகு ஒட்டியிருந்தது.

"காலைல கொழுந்தனுக்கு டீ குடுத்தேன் சார். அதுல நான் அமிலத்தைக் கலந்துட்டேன்னு சொல்றான். பட்டறையை என் பேருக்கு எழுதறேன்னு சொன்ன மாமியாரே, சாயங்காலத்துக்குள்ள வெளிய போன்னுட்டாங்க. என் வீட்டுக்காரர் போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

துப்பறிவாளர் எழுந்தார். அவருடைய உதவியாளர், ஐம்பது வயதாகியும் 'அவசரம்' என்ற பட்டப்பெயரை விடாதவர், அதற்குள் வாசலில் நின்றார்.

பட்டறையில் மாமியார் அந்தக் கோப்பையைத் தட்டால் மூடி வைத்திருந்தார். ஆறிப்போன டீயின் மேல் வெள்ளைச் செதில்கள் மிதந்தன. வெட்டிப்போட்ட நகம்போல் ஓரம் மழுங்காமல் இருந்தன. மூலையில், மெழுகோடு சேர்த்து உருக்கும் செதில்கள் இருந்த சாக்கில் 'ஸ்டியரிக் அமிலம்' என்று எழுதியிருந்தது.

"அமிலமா! குடல் வெந்திருக்குமே!" என்றார் அவசரம்.

"பொறுங்க. தம்பி, டீ எப்படி இருந்துச்சு?"

"கொதிக்கக் கொதிக்கக் குடுத்தாங்க. ஒரு வாய்லயே நாக்கு பொத்துப்போச்சு. அப்பவே செதில் மிதந்துச்சு," என்றான் கொழுந்தன்.

"நான் சந்தைக்குப் போயிட்டு வந்ததும் காட்டினான்," என்றார் மாமியார்.

"அதுவரைக்கும் கோப்பை யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான். வேற யாரையும் தொடவிடல!" என்றான் கொழுந்தன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

துப்பறிவாளர் புதிதாகக் கொதிக்கக் கொதிக்க ஒரு டீ போடச் சொல்லி, சாக்கிலிருந்து நான்கு செதில்களை அதில் போட்டார். சற்று நேரத்தில் அவை எண்ணெய்த் துளிகளாக உருகின. ஆறியதும் வெள்ளை ஆடையாக உறைந்தன.

"இது தண்ணில கரையாது. ஆனா எழுபது டிகிரி சூட்டுல உருகிடும். காலைல சூடான டீல விழுந்திருந்தா இந்த ஓரமெல்லாம் இருக்காது. டீ ஆறினப்புறம்தான் போட்டிருக்கு. அப்போ கோப்பை உங்க கையில."

"அப்போ விஷம்?" அவசரத்துக்கு ஏமாற்றம்.

"பேர்லதான் அமிலம். நாம சாப்பிடற கொழுப்புலயே இருக்கு, சோப்புலயும் சேர்ப்பாங்க. பட்டறைச் சரக்கை அள்ளித் தின்னக்கூடாதுதான், ஆனா நாலு செதில் ஆளைக் கொல்லாது. தினமும் இதை உருக்கற உங்க அண்ணிக்கு அது தெரியும். முன்பக்கம் விற்பனையை மட்டும் பார்த்துக்கற உங்களுக்குத்தான் தெரியல."

கொழுந்தன் தலை கவிழ்ந்தான். மாமியார் மகனைப் பார்க்கவே இல்லை. காலையிலிருந்து மருமகள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்காதவர் அவர். இப்போது அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கொரு டீ போடும்மா," என்றார். "சூடா."