வெள்ளையில் ஒரு புள்ளி

உலையிலிருந்து எடுத்தபோது இல்லாத கரும்புள்ளி, கடிகார முகப்பு ஆறிய பிறகு இருந்தது. எனாமல் பூசும் மரீஸ் அந்தத் தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஸ்டாப்வாட்சும் சேர்ந்த விலையுயர்ந்த கைக்கடிகாரத்துக்கு உரியது அது. உருக்கிய கண்ணாடிப் பூச்சான அந்த வெள்ளை எனாமலில் ஒரு தூசு விழுந்தாலும் பட்ட பாடெல்லாம் வீண்.

பக்கத்து மேசையில் இயந்திரம் பூட்டும் யோவான் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, உன் தட்டுல ஈ மொய்க்குதா?"

"உன் வேலையப் பாருடா."

போன் அடித்தது. மகள் லியோனி. "அம்மா, ஏரி நல்லா உறைஞ்சு இறுகிக் கெடக்கு. நடுவரைக்கும் சறுக்கிட்டுப் போயிட்டு வர்றேன்."

"ஒரே மூட்டமா இருக்குடி. கரையிலயே நில்லு."

"நீ சும்மா பயப்படாத!" வைத்துவிட்டாள்.

ஜன்னலுக்குக் கீழே, மலைப் பள்ளத்தாக்கின் ஜூ ஏரி இருக்க வேண்டிய இடத்தில் மதியத்தின் மங்கிய வெண்மை மட்டும் கிடந்தது. உலையின் உறுமலும் சுட்ட உலோக வாடையும் அறையை நிறைத்திருந்தன. மரீஸ் கண்ணில் லென்ஸைப் பொருத்திக் குனிந்தாள்.

புள்ளிக்கு இரண்டு கால்கள் இருந்தன. தலையில் சிவப்புக் குல்லாய், காலையில் லியோனிக்கு அவளே மாட்டிவிட்டது. ஓரத்தில் இருந்த புள்ளி இப்போது நடுவை நெருங்கியிருந்தது. வட்டத்துக்குள் கிடந்தது ஏரிதான்.

டிக்.

நடுத் துளையிலிருந்து மயிரிழை விரிசல் ஒன்று புள்ளியை நோக்கி ஓடியது.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லியோனி எடுக்கவில்லை. விரிசல் நீண்டது. டிக். இன்னும் நீண்டது. காலடிக்கே வந்துவிட்டது.

எனாமலில் விரிசல் கண்டால் இந்தக் கைகளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மறுபடி நெருப்பு. உருகினால் ஒட்டிக்கொள்ளும். யோசிக்கவே இல்லை. தட்டை உலைக்குள் தள்ளினாள்.

சிவந்தது. வெண்மை ஈரமாய்ப் பளபளத்தது. விரிசல் மூடிக்கொண்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பிறகுதான் உறைத்தது.

உருகிவிட்டது. எல்லாம். ஏரியின் பனிக்கட்டியும்.

இடுக்கியால் வெளியே இழுத்தாள். முகப்பு ஆறி இறுகியது. விரிசல் இல்லை. புள்ளியும் இல்லை.

"அடேங்கப்பா, பால் மாதிரி இருக்கே!" என்றான் யோவான்.

போன் மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது. மரீஸ் லென்ஸோடு குனிந்தாள். வழவழப்பான வெண்மை. அதன் அடியில், உள்ளிருந்து, இரண்டு சின்னஞ்சிறு உள்ளங்கைகள்.

தட்டிக்கொண்டிருந்தன.