நூற்றுப் பதினேழாம் ஸ்கேன்

நூற்றுப் பதினேழாம் ஸ்கேனில் வலது கண்குழியின் அகலம் நேற்று முப்பத்தெட்டு மில்லிமீட்டர், இன்று முப்பத்தொன்பது. அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். உயிருள்ள எலும்பு வளரலாம், தேயலாம். கணினிக்குள் கிடக்கும் படம் எப்படி வளரும்?

கண்குழி ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது என்ற ஆய்வுக்காக, அவன் வேலை பார்த்த மருத்துவமனையில் ஐந்நூறு தலைகளின் ஸ்கேன்களைச் சேர்த்திருந்தார்கள். பெயர் கிடையாது; எண், வயது, பால், இனம், அவ்வளவுதான். குழந்தையின் கண்குழி முகத்தை மிஞ்சி வட்டமாக விரிந்திருக்கும். ஆணுக்கு அகலம் சற்றுக் கூடுதல். இனத்துக்கு இனம் உயரம் மாறும். முதுமையில் விளிம்பு கரைந்து குழி அகலும். ஒவ்வொரு தலையையும் இரண்டு பேர் தனித்தனியே இரண்டு முறை அளக்க வேண்டும். ஒருவர் அளவுகளை எழுதும் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. அவனோடு அளந்த இன்னொருவனை எல்லோரும் பூனைக்கண்ணன் என்றே கூப்பிட்டார்கள்.

பெயர் இல்லாவிட்டாலும் நூற்றுப் பதினேழு யாரென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பெண், இருபத்தொன்பது வயது. இடது கன்ன எலும்பில் ஆறிப்போன பழைய முறிவு. எத்தனையோ முறை விரலால் தடவிய மேடு அது. அவன் மனைவி.

"ஆமா மச்சான், தங்கச்சிதான்," என்றான் பூனைக்கண்ணன். "நீ லீவுல இருந்தப்ப தலைவலின்னு வந்துச்சு. நான்தான் கூட இருந்து ஸ்கேன் எடுக்க வச்சேன். உன்கிட்ட சொல்லலியா? வீட்ல உனக்கு அவ்ளோதான் மரியாதை போல!"

அவன் சிரிக்கவில்லை. அவளுடைய கண்களுக்குப் பின்னால் இருந்த இருட்டை, கட்டியவனே பார்த்திராத இடத்தை, இன்னொருவன் முதலில் பார்த்திருக்கிறான். சாவகாசமாக உட்கார்ந்து அளந்திருக்கிறான்.

"நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல," என்றாள் அவள், வீட்டில். "ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" பிறகு இமைகளை அழுத்தித் தேய்த்தாள். "கண்ணுதான் ரெண்டு நாளா உள்ள இழுக்குற மாதிரியே இருக்கு."

மறுநாள் வந்ததும் வராததுமாய் நூற்றுப் பதினேழைத் திறந்தான். நாற்பது. மதியம், சூடேறிய தூசியின் வாடையும் மின்விசிறியின் முனகலும் நிறைந்த அறையில், சுவரில் தன் நிழல் தனக்கு முன்பே திரையை நோக்கிக் குனிவது போலத் தோன்ற, மறுபடி அளந்தான். நாற்பத்திரண்டு. இரண்டு முறை போதும் என்றிருந்தது, நாளுக்குப் பத்து முறை ஆயிற்று. நாற்பத்தைந்து. எண்பது வயதுக் கிழவிக்கும் இல்லாத அளவு. நாற்பத்தொன்பது. எந்த இனத்தின் பத்தியிலும் இல்லாத அளவு.

பூனைக்கண்ணன்தான் படத்தில் கைவைக்கிறான். வேறு யார்? அவளை விட்டுவிட மனமில்லை அவனுக்கு. இதை மட்டும் நிரூபித்துவிட்டால் அவள் தனக்கே தனக்கு.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் பூனைக்கண்ணன் கிளம்பிப் போனதும் விதியை மீறி அவனுடைய தாளை எடுத்தான். நூற்றுப் பதினேழு. முதல் அளவு முப்பத்தெட்டு. ஒரு வாரம் கழித்து இரண்டாம் அளவு. அதுவும் முப்பத்தெட்டு. அதோடு சரி.

தன் தாளைப் பார்த்தான். அறுபது வரிகள். எல்லாம் தன் கையெழுத்து. ஒவ்வொன்றும் முந்தையதைவிட மயிரிழையாவது பெரியது.

வீட்டுக்கு ஓடினான். உள்ளே விளக்கு இல்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். ஈர எலும்பின் வாடை.

"லைட்டப் போடாதீங்க. கூசுது."

நின்றான்.

"இன்னிக்குப் பதினோரு தடவை. இல்லைங்க?"

அவன் அவளிடம் எதுவுமே சொன்னதில்லை.

"உனக்கெப்படி..."

"வலிச்சுதே. ஒவ்வொரு தடவையும்." குரலில் கோபமில்லை. "அவர் அளந்தப்போ தெரியவே இல்ல. நீங்க அளந்தாத்தான்."

திரும்பினாள்.

ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. விழ இடம் குறைவு. நெற்றிவரை குழி. கன்னம்வரை குழி. கீழே வாய் மட்டும். உள்ளே, வெகு தூரத்தில், ஈரமாக இரண்டு புள்ளிகள். தேடின. அவனைக் கண்டதும் அசையாமல் நின்றன.

"இப்போ உங்களத் தவிர யாருமே கண்ணுக்குத் தெரியலைங்க," என்றாள்.

அவன் கை எழுந்தது. நெற்றி விளிம்பில் கட்டைவிரல். கன்ன விளிம்பில் ஆள்காட்டி விரல்.

எட்டவில்லை. இன்னும் விரித்தான்.